மனச்சாட்சியை ஒப்படைக்கலாமா? – கிறிஸ்தவ மரபில் ஆன்ம வழிகாட்டுதல்

ஒருவருடைய மனச்சாட்சிக்கு இன்னொருவர் பொறுப்பேற்க முடியுமா? இறைவனைத் தேடிப் புறப்படும் சாதகர், தம் உள்ளத்தை மற்றொரு மனிதரிடம் திறந்து காட்டி அவர் சொற்படி நடப்பது பணிவா, அல்லது இறைவன் தமக்கு அளித்த அறிவைக் கைவிடும் கோழைத்தனமா? குரு–சீடர் உறவைப் போற்றும் பாரத நாட்டிற்கு இந்தக் கேள்வி புதியதன்று. கிறிஸ்தவத் துறவு மரபும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாக இதே கேள்வியோடு வாழ்ந்து வந்திருக்கிறது. அந்த மரபில் இதை ஆன்ம வழிகாட்டுதல் என்கிறார்கள்.

ஸ்ரீராமகிருஷ்ணரின் அன்பர்களுக்கு அம்மரபு அந்நியமானதன்று. 1886 டிசம்பர் 24 இரவு ஆண்ட்பூரில் துனி வளர்த்து அதைச் சுற்றி அமர்ந்திருந்த இளைஞர்களிடம் நரேந்திரர் ஏசுபிரானின் வாழ்க்கையைப் பற்றியே பேசினார். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதைப் பின்னரே அவர்கள் உணர்ந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்று அறிந்துள்ள நூலின் சில அதிகாரங்களை அவர் 1889-இல் வங்க மொழியில் பெயர்த்தும் வெளியிட்டார். கண்டவரிடமெல்லாம் உள்ளத்தைத் திறக்காமல், அறிவும் இறையச்சமும் உள்ள ஒருவரிடம் ஆலோசனை பெறுமாறு அந்நூல் சாதகருக்கு அறிவுறுத்துகிறது. அந்த ஆலோசனையின் எல்லை எது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஒரு தத்துவ ஞானியின் ஆட்சேபம்

1784-இல் ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட், அறிவொளி என்றால் என்ன என்ற கேள்விக்கு விடையாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். மனிதன் தானே தன்மீது சுமத்திக்கொண்ட பக்குவமின்மையிலிருந்து வெளியேறுவதே அறிவொளி என்பது அவர் கருத்து. அப்பக்குவமின்மைக்கு அவர் காட்டும் அடையாளங்களுள் ஒன்று, தன் மனச்சாட்சியின் வேலையைப் பார்க்க ஒரு போதகரை வைத்துக்கொள்வது. தனக்காகச் சிந்திக்கப் புத்தகமும், உணவைத் தீர்மானிக்க மருத்துவரும், நன்மை தீமையைத் தீர்மானிக்கப் போதகரும் இருந்துவிட்டால், மனிதன் எதற்குமே முயல வேண்டியதில்லை அல்லவா!

இதைச் சமயத்துக்குப் பகையானதென்று ஒதுக்கிவிட முடியாது. திருச்சபையின் பெரும் சிந்தனையாளரான தாமஸ் அக்வினாஸ் (1225–1274), மனச்சாட்சி தவறாகத் தீர்ப்பளித்தாலும் அதற்கு எதிராகத் தெரிந்தே செயல்படுவது குற்றமே என்று கூறியவர். அப்படியானால் வழிகாட்டி ஒன்று சொல்ல, உள்ளம் வேறொன்று சொன்னால் சாதகர் எதைப் பின்பற்றுவது?

மறுபுறத்தில், தன்னையே குருவாகக் கொள்வதிலும் ஆபத்து உண்டு. கண் எல்லாவற்றையும் காண்கிறது, தன்னைக் காண்பதில்லை. சோம்பலைச் சரணாகதி என்றும், பிடிவாதத்தை வைராக்கியம் என்றும், கோபத்தைத் தர்மாவேசம் என்றும் பெயரிட்டு ஏற்றுக்கொள்ள மனம் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. தவறும் மனச்சாட்சி தன் தவற்றை எப்படி அறியும்? இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் இடையில்தான் ஆன்ம வழிகாட்டுதல் என்னும் சாதனை பிறந்தது.

பாலைவனத்தில் பிறந்த பழக்கம்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனங்களில் ஆயிரக்கணக்கானோர் தனித்தும் குழுவாகவும் தவ வாழ்க்கை மேற்கொண்டார்கள். அங்கே அனுபவம் முதிர்ந்த தவசியை 'அப்பா' என்று அழைத்தார்கள். அரமேய மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்குத் தமிழில் உள்ள அதே பொருள்தான். தவசிப் பெண்கள் 'அம்மா' எனப்பட்டார்கள். சிங்கிளெத்திக்கா அம்மா அவர்களுள் புகழ்பெற்றவர். இளையவர் ஒருவர் வந்து, தமக்கு ஒரு சொல் அருளுமாறு வேண்டுவார். முதியவர் ஒரு வாக்கியம் சொல்வார். சில வேளை மௌனமாகவே இருந்துவிடுவார். இளையவர் அதைக் கொண்டுபோய்ப் பல மாதங்கள் வாழ்ந்து பார்ப்பார்.

இவர்களில் பெரும்பாலோர் குருப்பட்டம் பெற்றவர்கள் அல்லர். எனவே இது பாவசங்கீர்த்தனத்திலிருந்து வேறானது. பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்தை அறிக்கையிட்டு, குருவானவர் வழியாக இறைவனின் மன்னிப்பைப் பெறுகிறார்கள். ஆன்ம வழிகாட்டுதலிலோ செய்யாதவையும் இடம்பெறும். உள்ளத்தில் எழும் எண்ணங்கள், ஆசைகள், சோர்வுகள், ஆறுதல்கள் அனைத்தும் அங்கே திறந்து வைக்கப்படுகின்றன. மறைத்து வைத்த எண்ணம் வலிமை பெறுகிறது, வாய்விட்டுச் சொன்ன எண்ணம் வலிமை இழக்கிறது என்பது அத்தவசிகளின் அனுபவம்.

ஆனால் சொல்லப்படுவதைக் கேட்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? பாலைவன மரபை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுசென்ற யோவான் காசியன், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தம் உரையாடல் நூலில் இதற்கு ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். காம எண்ணங்களால் அலைக்கழிக்கப்பட்ட ஓர் இளம் துறவி, ஆறுதல் தேடி ஒரு முதியவரிடம் சென்று அனைத்தையும் கூறினார். முதியவரோ, இத்தகைய எண்ணம் உடையவர் துறவி என்ற பெயருக்கே தகுதியற்றவர் என்று கடிந்து அனுப்பிவிட்டார். மனமுடைந்த இளைஞர் துறவைக் கைவிட்டு உலக வாழ்க்கைக்குத் திரும்பப் புறப்பட்டார். வழியில் அவரைக் கண்ட அப்போலோ என்னும் தவசி, முகவாட்டத்தின் காரணத்தை மெல்லக் கேட்டறிந்தார். இந்த முதிய வயதிலும் தமக்கு அந்தப் போராட்டம் உண்டு என்று சொல்லி, ஒரு நாள் மட்டும் பொறுத்திருக்குமாறு வேண்டி, அவரைத் திருப்பி அனுப்பினார். பிறகு அந்த முதியவரின் குடிலருகே நின்று, அதே சோதனை அவருக்கும் நேரட்டும் என்று கண்ணீரோடு பிரார்த்தித்தார். சிறிது நேரத்தில் முதியவர் நிலைகொள்ளாமல், இளைஞர் சென்ற அதே பாதையில் ஓடத் தொடங்கினார்!

நரைத்த தலையும் நீண்ட தவமும் ஒருவரை வழிகாட்டியாக்கிவிடுவதில்லை என்பதே இந்நிகழ்ச்சியின் கருத்து. காசியன் இதை எந்த நற்பண்பைப் பற்றிய உரையாடலில் வைத்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. லத்தீன் மொழியில் அதன் பெயர் 'திஸ்கிரேத்சியோ', பிரித்தறிதல். வேதாந்தம் சாதகருக்கு வேண்டிய முதல் தகுதியாக வைக்கும் விவேகத்திற்கு இது நெருங்கிய உறவு. வேதாந்த விவேகம் நிலையானதை நிலையற்றதிலிருந்து பிரித்தறிகிறது. பாலைவனத்து விவேகமோ, உள்ளத்தில் எழும் எண்ணம் எங்கிருந்து வருகிறது, எங்கே இட்டுச் செல்கிறது என்பதைப் பிரித்தறிகிறது.

தராசின் முள்

ஸ்பெயின் நாட்டின் அவிலா தெரசாள் (1515–1582), அரைகுறையாகக் கற்ற பாவசங்கீர்த்தன குருமார்களால் தமக்குப் பெருந்தீங்கு விளைந்தது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் வெளிப்படையாக எழுதினார். நல்ல எண்ணம் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும் என்பது அவர் அனுபவம். அவருக்குக் கிடைத்த தெய்வக் காட்சிகள் சாத்தானின் வேலை என்று கருதிய ஒருவர், அடுத்த முறை காட்சி தோன்றும்போது கையால் இகழ்ச்சிச் சைகை காட்டும்படி அவருக்குக் கட்டளையிட்டார். தெரசாள் கீழ்ப்படிந்தார், அது தமக்கு எவ்வளவு வேதனை தந்தது என்பதையும் எழுதிவைத்தார். அத்தகைய கட்டளை தவறு என்று பின்னர் ஒரு பெரும் அறிஞர் கூறியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் கீழ்ப்படிந்தபோதும் சிந்திப்பதை நிறுத்தவில்லை. கற்றறிந்த வேறு பலரிடமும் தம் உள்ளத்தைத் திறந்து காட்டித் தெளிவு தேடினார்.

அவருடைய தோழரான சிலுவை அருளப்பர் (1542–1591) இன்னும் கடுமையாகப் பேசினார். ஆன்மாவை வழிதவறச் செய்யும் குருட்டு வழிகாட்டிகள் என்று அவர் மூவரைக் கூறுகிறார். சாத்தானும் ஆன்மாவே தனக்கு வழிகாட்டுவதும் அவற்றுள் இரண்டு. அவர் முதலில் குறிப்பிடுவதும் மிக விரிவாகக் கண்டிப்பதும் தகுதியற்ற ஆன்ம வழிகாட்டியையே! இறைவன் மௌனத்தில் நுட்பமாகச் செதுக்கிவரும் ஆன்மாவின்மேல், சம்மட்டியடி ஒன்றை மட்டுமே அறிந்த கொல்லனைப் போல் சிலர் விழுகிறார்கள் என்பது அவர் தரும் உவமை. உண்மையான வழிகாட்டி தூய ஆவியானவரே, மனிதர் வெறும் கருவியே என்பது அவருடைய முடிவு.

இதே உண்மையை இஞ்ஞாசியார் (1491–1556) ஒரு விதியாகவே வகுத்தார். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், பயிற்சி தருபவர்க்கு ஒரு குறிப்பு உண்டு. பயிற்சி பெறுபவரைத் துறவு வாழ்க்கையை நோக்கியோ இல்லற வாழ்க்கையை நோக்கியோ அவர் தள்ளக் கூடாது. எப்பக்கமும் சாயாத தராசின் முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும். படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள வழிவிட வேண்டும். பொதுவாகத் துறவை மேலானதென்று பரிந்துரைப்பது தவறன்று. ஆனால் ஒருவர் இறைவன் திருமுன் தம் வாழ்வைத் தீர்மானிக்கும் அந்த நேரத்தில் அதைக்கூடச் செய்யலாகாது என்கிறார். நல்லதை நோக்கித் தள்ளுவதும் தள்ளுவதே அல்லவா?

நான்கு வாக்குறுதிகள்

இக்கருத்துகள் ஒரு வாழ்க்கையில் எவ்வாறு உருப்பெற்றன என்பதைக் காண ஜேன் தெ சாந்தால் அம்மையாரின் வரலாறு உதவும். 1572-இல் பிரான்சின் திஜோன் நகரில் பிறந்தவர். 1601-இல் வேட்டையின்போது தவறுதலாகப் பாய்ந்த குண்டால் கணவர் இறந்தார். நான்கு குழந்தைகளோடு 29 வயதில் விதவையானார். துயரத்தில் ஆழ்ந்து, இறைவழியில் தம்மை நடத்த ஒருவர் வேண்டுமென்று ஏங்கியபோது ஒரு துறவி அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். அவர் ஜேனிடம் நான்கு வாக்குறுதிகளைப் பெற்றுக்கொண்டார். தமக்கே கீழ்ப்படிய வேண்டும். தம்மை விட்டு வேறு வழிகாட்டியை நாடக் கூடாது. தாம் சொல்வதை இரகசியமாக வைக்க வேண்டும். தம் ஆன்மாவைப் பற்றி வேறு எவரிடமும் பேசக் கூடாது.

நான்கையும் சேர்த்து நோக்கினால் அவற்றின் தன்மை விளங்கும். முதலாவது வாக்குறுதி பாதை. மற்ற மூன்றும் அப்பாதையின் கதவுகளுக்கு இடப்பட்ட பூட்டுகள். ஜேன் பிரார்த்தனைகளையும் நோன்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமந்தார். அமைதி மட்டும் வரவில்லை.

1604-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஜெனீவா மறைமாவட்ட ஆயரான பிரான்சிஸ் சலேசியார் திஜோனில் மறையுரையாற்ற வந்தார். அவரிடம் உள்ளத்தைத் திறக்க ஜேன் விரும்பினார். ஆனால் வாக்குறுதிகள் அவரைத் தடுத்தன. பிரான்சிஸ் அவசரப்படவில்லை. வந்தவரை உடனே தம் சீடராக்கிக்கொள்ளவும் இல்லை. சில மாதங்கள் பிரார்த்தித்துக் காத்திருந்த பின்னர், ஆகஸ்டு மாதம் சேன்-குளோத் என்னும் ஊரில் சந்தித்தபோதுதான், அந்த வாக்குறுதிகள் மனச்சாட்சியின் அமைதியைக் குலைப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாதவை என்று கூறி அவரை விடுவித்து, வழிகாட்டும் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், எதையும் அன்பினால் செய்ய வேண்டுமேயன்றி வற்புறுத்தலால் அன்று என்பதையே அடிப்படை விதியாக வைத்தார். கீழ்ப்படியாமைக்கு அஞ்சுவதைவிடக் கீழ்ப்படிதலை நேசிப்பது மேல் என்றும் விளக்கினார்.

வேறுபாட்டை முதலில் கண்டவர்கள் வீட்டுப் பணியாளர்கள் என்று கூறப்படுகிறது. முந்தைய வழிகாட்டியின் காலத்தில் அம்மையார் குறிப்பிட்ட வேளைகளில் பிரார்த்தனை செய்வார், வீடு முழுவதும் தொல்லைப்படும். இப்போது எப்போதும் பிரார்த்தனையில் இருக்கிறார், எவருக்கும் தொல்லை இல்லை என்று அவர்கள் பேசிக்கொண்டார்களாம். வழிகாட்டுதலின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான சாட்சியம் கிடைப்பது அரிது.

1610-இல் இருவரும் அன்னெசி நகரில், மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்வின் பெயரால் ஒரு பெண் துறவியர் சபையை நிறுவினார்கள். இருவரிடையே தூய்மையான நட்பு வளர்ந்தது. நட்பும் பற்றாகலாம் என்பதைப் பிரான்சிஸ் அறிந்திருந்தார். 1616-இல் ஜேன் தியானத்தில் தனித்திருந்தபோது, தம்மீது அவர் வைத்திருந்த சார்பையும் இறைவனிடம் ஒப்படைத்துவிடுமாறு கடிதங்கள் வழியே அவர் அறிவுறுத்தினார். ஜேனுக்கு அது எளிதாக இருக்கவில்லை. 1622 டிசம்பரில் லியோன் நகரில், மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாதிருந்த இருவரும் சந்தித்தார்கள். தம் ஆன்ம நிலையைப் பற்றிப் பேச ஜேன் ஆவலுடன் வந்திருந்தார். அதைப் பின்னர் அன்னெசியில் பேசலாம் என்று சொல்லி, பிரான்சிஸ் சபைக் காரியங்களையே பேசினார். அந்தப் 'பின்னர்' வரவில்லை. அம்மாதம் 28-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

ஆனால் ஜேன் நிலைகுலைந்துவிடவில்லை. பின்னர் வின்சென்ட் தெ பவுலின் வழிகாட்டுதலைப் பெற்றார். தாமே எண்ணற்ற சகோதரிகளுக்கு வழிகாட்டினார். 1641-இல் அவர் மறைந்தபோது அச்சபைக்கு 80-க்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன. முதல் வழிகாட்டி அவரைத் தம்மோடு கட்டினார். இரண்டாமவர் அவர் தம் காலில் நிற்கும்படி மெல்ல விலகினார்.

திருச்சபை இட்ட வேலி

மகான்களின் விவேகத்தை நம்பி மட்டும் ஓர் அமைப்பு இயங்க முடியாது. பிரான்சிஸ் சலேசியார் போன்றவர் அரியவர் என்பதால், பலவீனரைக் காக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. தம் மனச்சாட்சியைத் தலைவியிடம் திறந்து காட்டுமாறு கட்டாயப்படுத்தும் வழக்கம் சில துறவு மடங்களில் பரவியிருந்தது. 1890 டிசம்பரில், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் காலத்தில், ஓர் ஆணை அத்தகைய கட்டாயத்தைத் தடை செய்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 630-ஆம் பிரிவு அதே கருத்தை நிலைநிறுத்துகிறது. துறவியர் விரும்பினால் தலைவரிடம் மனம்விட்டுப் பேசலாம். ஆனால் மனச்சாட்சியை வெளிப்படுத்துமாறு தலைவர் அவர்களை எவ்வகையிலும் தூண்டக் கூடாது. குருமட மாணவரைப் பட்டத்திற்கு ஏற்பதா, நீக்குவதா என்ற முடிவில் அவருடைய ஆன்ம வழிகாட்டியின் கருத்தைக் கேட்கவே கூடாது என்கிறது 240-ஆம் பிரிவு.

ஆளும் கையும் உள்ளத்தைக் கேட்கும் செவியும் ஒருவருடையதாக இருந்தால், நம்பிக்கை அச்சமாக மாறும் என்பதே இச்சட்டங்களின் உட்கருத்து. வழிகாட்டுதலின் பெயரால் பலர் காயப்படுத்தப்பட்ட செய்திகள் அண்மைப் பத்தாண்டுகளில் பல நாடுகளிலிருந்து வெளிவந்துள்ளன. வேலி இருந்தும் தாண்டப்பட்டது என்பதால் அதன் தேவை பொய்யாகிவிடாது. காவலின் தேவை மிகுகிறது. எந்தச் சமயமும் இப்பாடத்திலிருந்து தன்னை விலக்கிக்கொள்ள இயலாது.

ஆட்சேபத்திற்கு விடை

காண்டின் ஆட்சேபம் ஜேனின் முதல் வழிகாட்டிக்கு முற்றும் பொருந்தும்; இரண்டாமவருக்குப் பொருந்தாது. தீர்ப்பை ஒருவரிடமிருந்து பறிப்பது வேறு, தீர்ப்பளிக்க வேண்டிய ஒளியை அவருக்குத் தருவது வேறு. விளக்கை ஏந்தி உடன் நடப்பவர் வழிப்போக்கருடைய கால்களாக ஆகிவிடுவதில்லை. சாதகர் தம் எண்ணங்களைச் சொல்லும்போதே அவற்றிலிருந்து சற்று விலகி நின்று காணக் கற்கிறார். அந்தப் பார்வை வளர வளர, மனச்சாட்சி பிறருக்கு அடிமையாவதற்கு மாறாகத் தன் ஆசைகளின் அடிமைத்தனத்திலிருந்தும் விடுதலை பெறுகிறது.

கீழ்ப்படிதலைக் கிறிஸ்தவ மகான்கள் அனைவரும் புகழ்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பாவமான ஒன்றைக் கட்டளையிட எவருக்கும் அதிகாரமில்லை என்பது அம்மரபின் அடிப்படை. மேலும், யாருக்குக் கீழ்ப்படிவது என்று தேர்ந்தெடுப்பதும் அவரவர் மனச்சாட்சியின் செயலே. அப்பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அதனால்தான், ஆயிரத்தில் ஒருவரை வழிகாட்டியாகத் தேர்ந்தெடுக்குமாறு அவிலா நகர யோவான் சொன்னதைப் பிரான்சிஸ் சலேசியார் பத்தாயிரத்தில் ஒருவர் என்று மாற்றினார்.

சச்சிதானந்தமே குரு என்பார் ஸ்ரீராமகிருஷ்ணர். தம்மைக் குரு என்று பிறர் அழைப்பதை அவர் விரும்பியதில்லை. சிலுவை அருளப்பரும் தராசின் முள்ளைச் சொன்ன இஞ்ஞாசியாரும் தத்தம் மொழியில் கூறியது இதற்கு நெருக்கமானதே. எனவே வழிகாட்டியை நாடும் சாதகர் தம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இவரிடம் வந்தபின் இறைவனைப் பற்றிய நினைவு வளர்கிறதா, இவரைப் பற்றிய நினைவு மட்டும் வளர்கிறதா? வேறொருவரிடம் ஆலோசனை கேட்க இவர் இசைவாரா? தம்முடன் வாழ்பவர்களுக்குத் தாம் முன்னைவிட இனியவராகியிருக்கிறாரா, அல்லது பாரமாகியிருக்கிறாரா? வழிகாட்டும் நிலையில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியோ ஒன்றுதான்: நாளை தாம் இல்லாமற் போனால், தம்மை நம்பி வந்தவர் இறைவனை நோக்கித் தொடர்ந்து நடப்பாரா?